கை வைத்தால் இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் அதே வலி: ஆடுகிற முழங்காலுக்குக் கைச்சிகிச்சை எவ்வளவு உதவும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டு தொடங்குகிறேன். மகளுக்கு 15 வயது, எட்டு வருடமாகப் பரதநாட்டியம், அரங்கேற்றத்துக்கு இன்னும் மூன்றரை மாதம். இரண்டு முழங்காலிலும் முன்பக்கம் வலி, வலதில் கொஞ்சம் கூடுதல். அரைமண்டியில் (பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி நிற்கும் நிலையில்) இருக்கும்போதும் மாடிப்படி இறங்கும்போதும் அதிகமாகிறது. ஆறு வாரமாக, வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போகிறீர்கள். அவர் தொடையை நீவி விடுகிறார், முழங்கால் சில்லை இப்படியும் அப்படியும் நகர்த்துகிறார், இடுப்பில் ‘படக்’கென்று ஒரு சத்தம் வர வைக்கிறார், “சில்லு விலகியிருந்தது, வைத்துவிட்டேன்” என்கிறார். இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, மூன்றாம் நாள் திரும்பிவிடுகிறது. “இந்தக் கை வைத்தியம் நிஜமா, மனசுக்குத்தானா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பது தெரிகிறது: அந்த இரண்டு நாள் ஏன் இருபது நாளாக மாட்டேன் என்கிறது, மேடை ஏறுவதற்குள் ஆகுமா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். 19 வருட வேலையில் பாதிக்கு மேல் ஆடுகிறவர்கள், ஓடுகிறவர்கள், கபடி, வாலிபால் பிள்ளைகள். நாள் முழுக்கக் கையால் செய்கிற வேலை என்பதால் இந்தச் சிகிச்சைமேல் எனக்குப் பிடிப்பு உண்டு, அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள். உங்கள் மகளை நான் தொட்டுப் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே வருகிற வலி போல இருக்கிறது, ஆடுகிற வளரும் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது அதுதான். ஆனால் அதை நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும்.

முதலில் நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த இரண்டு நாள் நிவாரணம் பொய் இல்லை. மூட்டை மெதுவாக அசைத்து, சதையை அழுத்தி நீவும்போது அங்கிருந்து நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகிற செய்தி மாறுகிறது, இறுகிப் பிடித்திருந்த சதை விட்டுக்கொடுக்கிறது, வலியின் அளவு கொஞ்ச நேரம் இறங்குகிறது. இதில் கையின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, நம்மை ஒருவர் அக்கறையாகத் தொட்டுப் பார்க்கிறார் என்ற நிம்மதியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை. எப்படி இருந்தாலும் பிள்ளைக்கு வலி குறைகிறது, அது பயன்தான்.

அதே அளவு நிச்சயமாகத் தெரிந்த இன்னொன்று, எதுவும் விலகவும் இல்லை, எதையும் அவர் திரும்ப வைக்கவும் இல்லை. முழங்கால் சில்லு உண்மையில் விலகினால் பார்த்த மாத்திரத்தில் தெரியும், முழங்கால் வீங்கும், பிள்ளையால் அடி எடுத்து வைக்க முடியாது. இடுப்புப் பக்கத்து மூட்டைப் பற்றி ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1998-ல் ஒரு நல்ல சோதனை செய்து வெளியிட்டார்கள். 10 பேருக்கு எலும்பின் இருப்பிடத்தை மிக நுட்பமாக அளக்கும் எக்ஸ்ரே முறையில், கையால் ‘வைப்பதற்கு’ முன்பும் பின்பும் அளந்தார்கள். மூட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் கை வைத்தவர்களுக்கு அது சரியான இடத்துக்கு வந்துவிட்டதாகத்தான் தோன்றியது. அந்த ‘படக்’ சத்தமும் எலும்பு உட்காரும் சத்தம் இல்லை. விரலில் நெட்டி எடுக்கும்போது மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் ஒரு வாயு இடைவெளி உண்டாவதை 2015-ல் கனடாவில் எம்.ஆர்.ஐ. வைத்துப் படம் எடுத்தே காட்டினார்கள்.

இது வெறும் சொல் சண்டை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 15 வயதுப் பிள்ளையிடம் “உன் சில்லு விலகுகிறது” என்று ஆறு வாரம் சொன்னால் அவள் தன் முழங்காலை நம்பாமல் போய்விடுவாள். அரைமண்டி இறங்கும் ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து இறங்குவாள், பயந்த கால் இன்னும் இறுகும். அந்தப் பயத்தை எடுக்கவே எனக்கு நாலைந்து அமர்வு பிடித்த பிள்ளைகள் உண்டு. தயவுசெய்து வீட்டில் அந்த வார்த்தையை நிறுத்திவிடுங்கள். “முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது, தாங்குகிற அளவை மீறிச் சுமை விழுகிறது” என்று சொல்லுங்கள்.

சரி, ஏன் இரண்டு நாள்தான்? சுமை மாறவில்லை, அதனால்தான். கை வைத்த அன்று வலி இறங்குகிறது. மறுநாள் வகுப்பு, அதே தட்டடவு, அதே மூன்றாம் காலம் (மிக வேகமாக ஆடுவது), அதே மண்டி அடவு (முழங்காலைத் தரையில் ஊன்றி ஆடுவது). முழங்காலை மடக்க மடக்கச் சில்லைத் தொடை எலும்போடு அழுத்தும் விசை கூடிக்கொண்டே போகும். ஆழமாக உட்காரும்போது அது உடல் எடையின் பல மடங்கு. அரைமண்டி என்பது அந்த மடக்கிய நிலையிலேயே நின்றுகொண்டு தரையைத் தட்டுவது. அரங்கேற்றத்துக்கு முன் வகுப்பு நேரம் திடீரென்று இரண்டு மடங்காகும், வாரத்தில் நாலு நாள், நிகழ்ச்சியின் மிக நீண்ட உருப்படியான வர்ணத்தை முழுசாக ஆட வைப்பார்கள். எட்டு வருடம் தாங்கிய முழங்கால் கடைசிச் சில மாதத்தில் வலிக்க ஆரம்பிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த வகை வலிக்கு என்ன செய்யலாம் என்பதில் ஆராய்ச்சி ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. 2017-ல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் இதற்கென்றே கூடிய ஆய்வாளர்கள் 2018-ல் ஒருமித்த கருத்தாக வெளியிட்டது இது: இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துப் பலப்படுத்தும் பயிற்சிதான் முதல் சிகிச்சை. கையால் மூட்டை அசைப்பதைத் தனியாக மட்டும் செய்வதை அவர்கள் பரிந்துரைக்கவில்லை, கரண்ட் வைக்கும் கருவிகளையும் பரிந்துரைக்கவில்லை. 2019-ல் அமெரிக்க பிசியோதெரபிஸ்டுகள் வெளியிட்ட வழிகாட்டியும் கைச்சிகிச்சையைத் தனியாகச் செய்யாதீர்கள் என்றே சொல்கிறது. ‘தனியாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கை வீண் என்று யாரும் சொல்லவில்லை.

கை எங்கே வேலைக்கு ஆகிறது என்பதை நான் பார்த்த ஒரு பெண்ணை வைத்துச் சொல்கிறேன். அவளுக்கும் வலது முழங்காலில்தான் வலி. அரைமண்டியில் நிற்கச் சொல்லி முன்னால் தரையில் உட்கார்ந்து பாதத்தைப் பார்த்தேன். இரண்டு பாதமும் நன்றாகப் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. இடது சில்லு பாதம் பார்க்கும் திசையிலேயே பார்த்தது. வலது சில்லு முன்னால் வந்து, பாதம் மட்டும் வெளியே ஓடியிருந்தது. வலது உள்ளங்காலின் வளைவு தரையோடு படிந்திருந்தது. அதாவது திருப்பம் இடுப்பிலிருந்து வராமல் முழங்காலுக்குக் கீழே முறுக்கி வாங்கப்பட்டிருந்தது. அடுத்து வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நிற்க வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும், பெருவிரல் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் போக முடிகிறது என்று அளந்தேன். இடது 11 சென்டிமீட்டர், வலது 6. கேட்டபோதுதான் சொன்னாள், இரண்டு வருடம் முன்னால் குதித்துமெட்டில் (குதித்து ஆடும் அடவில்) கணுக்கால் மடங்கியது, எண்ணெய் போட்டு நீவி பத்து நாளில் வகுப்புக்குப் போய்விட்டாள். கணுக்கால் மடங்க மறுத்தால் அரைமண்டிக்கு வேண்டிய ஆழத்தைப் பாதத்தைச் சரித்தும் முழங்காலை முறுக்கியும்தான் எடுக்க முடியும்.

நியூசிலாந்துக்காரர் பிரையன் முல்லிகன் பரப்பிய ஒரு முறை இருக்கிறது. ஸ்டூலில் பாதத்தை வைக்கச் சொல்லி, அவள் கீழ்க்காலையும் என் இடுப்பையும் சேர்த்து ஒரு பெல்ட் போட்டேன். பாதத்தின் மேற்பகுதி எலும்பை என் கை அசையாமல் பிடித்திருக்க, பெல்ட் கீழ்க்காலை மெல்ல முன்னுக்கு இழுக்க, அவளே முழங்காலை முன்னே கொண்டுபோனாள். பத்துப் பத்தாக மூன்று சுற்று. திரும்ப அளந்தால் 9 சென்டிமீட்டர். அவள் அம்மா கைதட்டிவிட்டார். இரண்டு நாள் கழித்து வந்தபோது 7. உங்கள் மகளின் இரண்டு நாள் கதையேதான் இது. வித்தியாசம் அப்புறம் செய்ததில் இருந்தது. கிடைத்த அசைவில் அன்றைக்கே அரைமண்டியை மெதுவாக முப்பது தடவை இறங்கி ஏறினாள், சில்லு பாதத்தின் திசையை விட்டு விலகாமல். வீட்டில் தினமும் கதவு நிலையில் பெல்ட்டைக் கட்டி அதே அசைவு, ஒற்றைக் காலில் குதிகால் தூக்குதல். ஆறு வாரத்தில் 10 சென்டிமீட்டர், அது அப்படியே நின்றது. முழங்காலை நான் தொட்டதே கொஞ்சம்தான்.

பழைய ஆட்டக்காரர்கள் இதை வேறு விதமாக அறிந்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும். கதகளிப் பிள்ளைகளுக்கு மழைக்காலத்தில் விடியும் முன் எண்ணெய் பூசி, ஆசான் காலாலேயே மிதித்து உழிச்சில் செய்வார். பார்க்க உடம்பை நெகிழ்த்தும் வேலை மாதிரித்தான் இருக்கும். ஆனால் உழிச்சிலை மட்டும் செய்து பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியதில்லை. அந்தப் பருவத்தின் மெய்ப்பயிற்சி அதோடு பிணைந்தே வரும், கிடைத்த நெகிழ்வு அங்கேயே உழைப்பில் கட்டப்பட்டுவிடும். நம் ஊர் கிளினிக்கில் படுக்கவைத்து நீவி அனுப்பும்போது விட்டுப்போவது அந்தப் பாதிதான்.

இடுப்பைப் பற்றிக் கட்டாயம் ஒன்று சொல்ல வேண்டும். பாதம் பக்கவாட்டில் எவ்வளவு திரும்பும் என்பதைப் பெரும்பாலும் தொடை எலும்பின் கழுத்தில் உள்ள முறுக்கும் இடுப்புக் குழியின் வடிவமும் தீர்மானிக்கின்றன. 15 வயதில் அது கிட்டத்தட்ட முடிந்துபோன விஷயம். எந்தக் கையாலும், எந்த ‘படக்’காலும் எலும்பின் முறுக்கை மாற்ற முடியாது. சிலருக்கு இடுப்பு 60 டிகிரி திரும்பும், சிலருக்கு 35தான். குப்புறப் படுக்க வைத்து முழங்காலை மடக்கி அளந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 35 உள்ள பிள்ளையை 60 உள்ள பிள்ளை மாதிரி நிற்கச் சொன்னால் மீதித் திருப்பத்தை முழங்கால் கொடுக்கும், அதற்கான விலையையும் முழங்காலே கொடுக்கும். இந்த அளவை டீச்சரிடம் எழுதிக் காட்டுங்கள். நான் பேசிய ஆசிரியர்களில் பெரும்பாலோர் புரிந்துகொண்டு பாதத்தைக் கொஞ்சம் உள்ளே வாங்கச் சம்மதித்திருக்கிறார்கள். அந்தச் சிறு மாற்றத்தில் சபைக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

இனி அவளுக்கு மூன்றரை மாதத்தில் நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன், உங்கள் பிசியோவோடு பேச உதவும். முதல் இரண்டு மூன்று வாரம் முழுமண்டி (முழுசாகக் கீழே உட்காரும் நிலை), மண்டி அடவு, குதித்துமெட்டு மூன்றையும் நிறுத்துவேன். அரைமண்டியைக் கொஞ்சம் உயரமாக வைத்து, மூன்றாம் காலத்தைப் பாதியாகக் குறைப்பேன். அந்த நேரத்தில் உட்கார்ந்தபடி தாளம் போட்டு ஜதி சொல்லட்டும், பதத்துக்கும் வர்ணத்தின் சஞ்சாரிக்கும் அபிநயம் பார்க்கட்டும். முழு ஓய்வு வேண்டாம், இரண்டு மாதம் உட்கார வைத்துவிட்டு அப்புறம் மேடைக்கு அனுப்பினால் இன்னும் மோசமாகும். வாரத்தில் மூன்று நாள் பலப்படுத்தும் பயிற்சி: ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துவது, ரப்பர் பட்டை கட்டிப் பக்கவாட்டில் நடப்பது, தாழ்ந்த படியிலிருந்து ஒற்றைக் காலில் மெதுவாக இறங்குவது, சுவரில் சாய்ந்து வலி அனுமதிக்கும் ஆழம்வரை உட்கார்ந்து எழுவது, குதிகால் தூக்குதல். எடையோ எண்ணிக்கையோ வாரா வாரம் கூட வேண்டும். கூடாத பயிற்சி பலம் தராது. வலிக்கு என் அளவுகோல் எளியது. பத்துக்கு மூன்று வரை பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் முந்தின நாள் செய்தது அதிகம்.

கைச்சிகிச்சை இதில் எங்கே வரும் என்றால், பயிற்சிக்குச் சற்று முன்னால். தொடையின் முன்பக்கமும் வெளிப்பக்கமும் இறுகியிருந்தால் பத்து நிமிடம் நீவி, சில்லை மெல்ல அசைத்து, வலி இறங்கிய அந்த நேரத்திலேயே எழுப்பிப் பயிற்சி செய்ய வைக்க வேண்டும். உங்கள் பிசியோ 40 நிமிடம் நீவிவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறார் என்றால் அதை 10 நிமிடமாக்கி மீதி 30 நிமிடத்தைப் பயிற்சிக்குக் கேளுங்கள். அவரை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் செய்கிறவராக இருக்கலாம். சில்லுக்குப் போடுகிற டேப் பற்றியும் கேட்பீர்கள். அது சில வாரங்களுக்கு வலியைக் குறைக்க உதவும், உடைக்கு அடியில் தெரியாது. ஆனால் ஒத்திகையில் ஒரு முறை போட்டுப் பாருங்கள், சிலருக்குத் தோல் சிவந்து கொப்பளிக்கும், அது அரங்கேற்ற நாளில் தெரியவரக் கூடாது.

சந்தேகமான விஷயங்களும் இருக்கின்றன. “தசையுறையின் முடிச்சைக் கையால் கரைக்கிறோம்” என்பதை நான் நம்புவதில்லை. தொடையின் பக்கவாட்டில் உள்ள கெட்டியான உறையை ஒரு சதவீதம் அமுக்கவோ சரிக்கவோகூட மனிதக் கையால் தர முடியாத விசை வேண்டும் என்று 2008-ல் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நீவினால் லாக்டிக் அமிலம் வெளியேறும் என்பதும் தப்பு. உழைப்பு நின்றபின் சுமார் ஒரு மணி நேரத்தில் அது தானாகவே போய்விடும், மறுநாள் வலிக்கு அது காரணமும் இல்லை. விளையாட்டு மசாஜ் பற்றி 2020-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அது வேகத்தையோ பலத்தையோ கூட்டவில்லை, நெகிழ்வும் மறுநாள் சதைவலியும் மட்டும் கொஞ்சம் மேம்பட்டன. சிமென்ட் தரையும் கிரானைட் தரையும் முழங்காலைக் கெடுக்கின்றனவா என்பதில் என் அனுபவம் ஆமாம் என்கிறது, ஆனால் அதை ஆய்வு முடிவு போல உங்களிடம் சொல்ல மாட்டேன். மரத்தளம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம்.

கை வைக்கவே கூடாத நேரங்கள் உண்டு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கபடிப் பையன், எதிராளியின் முழங்கால் தொடையில் இடித்து ரத்தம் கட்டியது. மறுநாளே சூடான எண்ணெய் போட்டு ஒருவர் அழுத்தி உருவிவிட்டார், தொடர்ந்து ஒரு வாரம். என்னிடம் வரும்போது தொடைக்குள் தேங்காய் ஓடு மாதிரி கெட்டியாக இருந்தது. எக்ஸ்ரேயில் சதைக்குள் எலும்பு வளர்ந்திருந்தது. அடிபட்ட சதையை ஆரம்பத்தில் அழுத்தி நீவினால் இந்த ஆபத்து கூடும். அந்தப் பையன் அந்த வருடப் போட்டி முழுவதையும் இழந்தான், அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் நீவாதீர்கள், ரத்தக்கட்டி நகரக்கூடும், நேராக மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் மகளிடம் குறிப்பாகச் சிலவற்றைக் கேளுங்கள். ராத்திரி தூக்கத்தில் வலி எழுப்புகிறதா? முழங்காலைச் சுற்றி வீக்கமோ கட்டியோ இருக்கிறதா? எடை காரணமில்லாமல் குறைகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எலும்பு மருத்துவரையும் எக்ஸ்ரேயையும் தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதில் வரும் எலும்புப் புற்றுநோய் அதிகம் தாக்கும் இடம் முழங்காலைச் சுற்றித்தான், மிக அரிது என்றாலும். நொண்டி நடக்கிறாளா, இடுப்பை உள்பக்கம் திருப்ப முடியவில்லையா என்றும் பாருங்கள், வளரும் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு முழங்கால் வலியாக வெளிப்படும். முழங்காலுக்குக் கீழே கால் எலும்பின் முன்பக்கத்தில் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் துடிக்கிறதா? அரங்கேற்றத்துக்கு ஒல்லியாக வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்திருக்கிறாளா, மாதவிடாய் மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருக்கிறதா? இவை சேர்ந்து வந்தால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம், அதை எந்த நீவலும் ஆற்றாது. சோறும் ஓய்வும்தான் ஆற்றும்.

இன்னொன்று, இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. 15 வயதுப் பெண்ணின் தொடையிலும் இடுப்பிலும் கை வைக்கும் சிகிச்சை இது. ஒவ்வொரு முறையும் நீங்கள் அறைக்குள் இருக்க வேண்டும். எங்கே, எதற்காகக் கை வைக்கப்போகிறார் என்று முன்கூட்டியே சொல்லி, அவள் சரி என்ற பிறகே தொட வேண்டும். அவள் “வேண்டாம்” என்றால் அங்கேயே நிற்க வேண்டும். நல்ல சிகிச்சையாளர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அரங்கேற்றத்தைத் தள்ளிப்போட வேண்டுமா என்பதை இன்றைக்கே முடிவு செய்யாதீர்கள். இந்த வலி நன்றாகக் குறைய பொதுவாக ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஐந்து முதல் எட்டு வருடம் கழித்தும் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நிலைமை திருப்தியாக இல்லை, அதனால் மேடைக்குப் பிறகும் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. மண்டபம் பதிவு செய்திருப்பீர்கள், பத்திரிகை அடிக்கும் வேலை மட்டும் மிச்சமிருக்கும். அதை ஆறு வாரம் நிறுத்தி வையுங்கள். ஆறாவது வார முடிவில் அவள் வர்ணத்தை ஒரே மூச்சில் ஆடட்டும், மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது பத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மூன்று அல்லது அதற்குக் கீழே என்றால் அச்சகத்துக்குப் போகலாம். ஐந்து, ஆறு என்றால் டீச்சரிடம் உட்கார்ந்து, உருப்படிகளைக் குறைப்பதா, தேதியை மாற்றுவதா என்று அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.